அவருக்குப் பதில் இவர்

ஜூன் 5, வியாழன்

தமயந்தியின் கன்டின்யூட்டி புடவையைக் கொடுக்க வளசரவாக்கம் ஷூட்டிங் வீட்டுக்குப் போய்வந்தேன். சீரியலில் ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்தினால், அன்று கட்டியிருந்த புடவை, ரவிக்கை, நகை எல்லாம் மிச்சத்தை எடுக்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். துவைக்கக்கூடக் கூடாது. மறுநாள் போய் நடித்துவிடலாம் என்று அவள் அதையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. சாதாரணக் கட்டிதான் என்று பரிசோதனையிலும் வந்துவிட்டது. ஆறு வாரம் ஓய்வு, பிறகு பழையபடி ஓடலாம்.

அவள் சொல்லியனுப்பியதும் இதுதான். "ராஜேஸ்வரியைக் காசிக்கு அனுப்பிடறோம்னு டைரக்டர் முன்னாடியே ஒத்துக்கிட்டார் அக்கா. ஆறு வாரத்துல வந்துடுவேன்னு சொல்லிடு. என்ன ஆபரேஷன்னு விலாவாரியா சொல்லாத, கூச்சமா இருக்கு."

'ராஜேஸ்வரி நிவாஸ்' சீரியலில் மாமியார் ராஜேஸ்வரி அவள்தான். நானும் அவளும் ஒரே நாடகக் குழு. மேடையில் அக்கா தங்கையாக நடித்து நடித்து, கீழே இறங்கிய பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு சீரியல் பிடித்துக்கொண்டது. எனக்குப் பிடிக்கவில்லை, அதாவது அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு சீரியலில் கோயில் கும்பலில் நின்று "அடப்பாவமே" என்றேன். அதையும் எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

டைரக்டர் கிருபாகரன் தமயந்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். சாப்பிடச் சொன்னார்கள். சாம்பார் நன்றாக இருந்தது, பொரியலில் உப்பில்லை.

பையைத் திரும்ப எடுத்து வந்திருக்கிறேன். நாளைக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

தமயந்தியின் ரவிக்கை எனக்கு முதுகில் நான்கு விரல் போதவில்லை. பிலோமினா ஊக்கு குத்திவிட்டாள். ஹேர்டிரஸர்தான், ஆனால் அந்த வீட்டில் தைப்பது, அயர்ன் பண்ணுவது எல்லாம் அவள் தலையில்தான். "முன்னாடிதானேம்மா கேமரா. நீங்க திரும்பாம இருந்தா போதும்" என்றாள். நாள் முழுக்கத் திரும்பாமலேயே நடித்தேன். ரவிக்கையில் தமயந்தியின் பவுடர் வாசனை.

வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. அசிஸ்டன்ட் டைரக்டர் பெண் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுக்கிறாள், நாம் திருப்பிச் சொல்கிறோம். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி. ஒரு வாரம் ஒத்திகை பார்த்து மேடையேறும் எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. மத்தியானத்துக்குள் பழகிவிட்டது.

"பிரமாதம் சுகுணாம்மா" என்றார் கிருபாகரன். இனி நான்தான் ராஜேஸ்வரி. காசிக்குப் போக வேண்டாமாம், கதை இங்கேயே ஓடட்டும் என்கிறார்கள்.

தமயந்தியிடம் சொல்ல வேண்டும். இன்று அசதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஜூன் 7, சனி

தமயந்தி போன் செய்தாள். போனை எடுத்த இவர், என் வீட்டுக்காரர், நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.

ஜூன் 9, திங்கள்

மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தட்டில் பிசைந்து கொடுத்துவிட்டு, அவள் வாயில் சோறு இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் வற்புறுத்தினார்கள், மறுக்க முடியவில்லை, நீ எழுந்து வரும்வரைதான் என்று.

அவள் மென்று விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு அக்கா. வேற எவளையாவது போட்டிருந்தா அந்த ரோல் எனக்குத் திரும்பி வராது. நீன்னா குடுத்துடுவ."

பிறகு படுத்தபடியே எனக்குப் பாடம் நடத்தினாள். ராஜேஸ்வரி கோபம் வந்தால் உடனே கத்தமாட்டாளாம். முதலில் இடுப்புச் சாவிக்கொத்தைத் தொடுவாளாம், அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பாளாம். "அதை மட்டும் விட்டுடாத அக்கா, ஜனங்க கண்டுபிடிச்சுடுவாங்க." சிரித்தபோது தையல் இழுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று நான் வரும் முதல் எபிசோட். இவர் ஏழு மணிக்கே டிவி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஆரம்பத்தில் கார்டு போட்டார்கள். இடது பக்கம் தமயந்தி, வலது பக்கம் நான். கீழே, 'ராஜேஸ்வரியாக இனி அவருக்குப் பதில் இவர்.'

இருபத்தைந்து வருடம் மேடையில் நின்றிருக்கிறேன். என் பெயர் போட்டு இப்படி ஒரு கார்டு வந்ததில்லை. இதில்கூடப் பெயர் இல்லை, 'இவர்'தான். ஆனாலும் மனசு குதித்தது. குதித்ததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிந்ததும் தமயந்தி பேசினாள். "சாவிக்கொத்து நல்லா பண்ணினே அக்கா. ஆனா 'இனி'ன்னு போட்டுட்டாங்களே?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான் போடறாங்க" என்றேன்.

"ஆமாம்ல" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் வாக்கிங் போய்வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "ஏன் சுகு, தமயந்திக்கு கான்சராமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

யார் சொன்னது என்றேன். பூங்காவில் எல்லாருக்கும் தெரியும் என்றார். யாரோ ஒருவரின் மருமகள் சேனலில் வேலை பார்க்கிறாளாம். இவர் கண் கலங்கியிருந்தது. தமயந்தி நடித்தால் எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிற மனிதர். அதெல்லாம் இல்லை, சாதாரணக் கட்டி என்றேன். "நீ அவளுக்காக மறைக்கிறே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்தாம் தேதி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'கேட்டார். சொன்னேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நானே படிக்கப்போகிற டைரியில் யாரை ஏமாற்றுகிறேன் என்று தெரியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கிருபாகரன் கேட்டது இது. "தமயந்திம்மாவுக்குப் பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே? ஆறு வாரத்துல வந்துடுவாங்கல்ல?"

நான் சொன்னது இது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது சார். கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினாங்க..."

அங்கே நிறுத்தினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிறகு, "நான் சொல்லக் கூடாது சார். வெளியில சொல்லாதேன்னுட்டா" என்றேன்.

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. டெஸ்டுக்கு அனுப்பினது நிஜம், சொல்லாதே என்றதும் நிஜம். மேடையில் எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே இந்த நிறுத்தம்தான். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பக்கமாகத் திரும்பினால் போதும், மிச்சத்தை சபையே முடித்துக்கொள்ளும். கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த யூனிட் மேனேஜர் "ஐயையோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் என் மடியில் இருந்த பையைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் புடவை வேண்டியிருந்தது. அதற்குத்தான் நிறுத்தினேன்.

வெட்கமாக இருக்கிறது. நாளைக்குக் கிருபாகரனிடம் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 25, புதன்

அவர் இன்று அவுட்டோர் போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

வந்தார். ஆனால் பக்கத்தில் எப்போதும் நான்கு பேர் இருந்தார்கள்.

ஜூலை 3, வியாழன்

தமயந்தி வரச் சொன்னாள். நன்றாகத் தேறியிருக்கிறாள், கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. ஆனால் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு எண்ணெய் விளம்பரத்துக்குப் பேசி வைத்திருந்தவர்கள் அவளிடம் சொல்லாமலே வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். இரண்டு நாளாகப் போனில் ஒரே ஒப்பாரி. பழைய நடிகை ஒருத்தி அழுதுகொண்டே விக் செய்கிறவரின் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, தைரியமான பொம்பளைம்மா நீங்கங்கறாங்க. என்னத்தைச் சொல்றது?"

நான் காபி கலந்து கொண்டு வந்தேன். அவள் வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "யாருன்னு எனக்குத் தெரியும் அக்கா. பிலோமினாதான். அவ ஒருத்திதான் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தா. அவகிட்டதான் டெஸ்டுக்குப் போயிருக்குன்னு சொன்னேன். மேனேஜர்கிட்ட பேசிட்டேன். இனிமே அவ அந்த யூனிட்ல இருக்கக் கூடாதுன்னுட்டேன். அவரும் காரணம் கேக்காம சரின்னுட்டார்."

என் பதிலுக்காக என்னைப் பார்த்தாள். "அவ அப்படிப்பட்டவளா தெரியலியே..." என்றேன். மறுபடியும் பாதியில் நின்றது. இந்த முறை நிறுத்தவில்லை, தானாகவே நின்றுவிட்டது.

"உனக்கு எல்லாரும் நல்லவங்க" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

பிலோமினா வரவில்லை. புதுப் பெண் ஒருத்தி ஊக்குக் குத்தினாள். ஒன்று முதுகில் ஏறிவிட்டது. அதோடேயே போய் நடித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று தமயந்தி செட்டுக்கே வந்துவிட்டாள். சிவப்புப் புடவை, தலை நிறையப் பூ, வேண்டுமென்றே விறுவிறுவென்று படியேறி வந்தாள். டாக்டர் சரியென்று சொல்லிவிட்டார், நாளை முதல் வரலாம் என்றாள்.

மேனேஜர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். யாரோ இளநீர் வெட்டி வந்தார்கள். "முதல்ல உடம்பைப் பாருங்கம்மா" என்றார் கிருபாகரன். அவர் குரல் கம்மியது. இரைக்காமல் படியேறி வந்தவளை ஆறு பேர் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று அவள் சொல்லச் சொல்ல, லைட்மேன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் இனி எந்த டாக்டரைக் கூட்டி வந்தாலும் இவர்கள் நம்பப்போவதில்லை. நம்ப வைத்தவள் வந்து சொன்னால்தான் உண்டு.

நான் ராஜேஸ்வரி புடவையில், சாவிக்கொத்தோடு, தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். திரும்ப முடியவில்லை, முதுகில் ஊக்கு.

போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "நீயாவது அவங்ககிட்ட எடுத்துச் சொல்லு அக்கா. நீ சொன்னா கேப்பாங்க."

ஜூலை 16, புதன்

இரண்டு ஷிஃப்ட். வீட்டுக்கு வந்து முருங்கைக்கீரை உருவினேன். யாரிடமும் எதுவும் பேசவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ரேட்டிங் விழுந்துவிட்டதாம். ஜனங்கள் என் முகத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. 'இந்தம்மா நல்லா நடிக்குது, ஆனா ராஜேஸ்வரி இல்ல' என்று எழுதுகிறார்களாம். இதை என்னிடம் சொல்லக் கிருபாகரன் மிகவும் சங்கடப்பட்டார். அதனால் ராஜேஸ்வரி சாகப்போகிறாள். வியாழக்கிழமை எடுக்கிறோம்.

"பாடியா நீங்க படுக்கணும்மா. க்ளோசப் அதிகம் வேண்டாம். சுவத்துல மாலை போட்டு மாட்டறது மட்டும் தமயந்திம்மா போட்டோ."

புரியவில்லை என்றேன்.

"ராஜேஸ்வரின்னா ஜனங்களுக்கு அந்த முகம்தான். அழுகை அதுக்குத்தான் வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்கும் நாம செய்யற ஒரு மரியாதை மாதிரி இருக்கட்டும். எத்தனை நாளோ."

குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறவளின் படத்துக்கு மாலை. ஊர் முழுக்க அதைப் பார்க்கும். நாளைக்கே அவள் போய்விட்டாள் என்பார்கள். பிறகு எந்தக் கம்பெனி அவளைக் கூப்பிடும்? "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சரி என்றேன் என்று எழுதத் தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஹாலில் வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி. மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றிக் கட்டு, நெற்றியில் ஒரு ரூபாய். மூச்சு தெரியக் கூடாதென்று மாலைகளை மார்பின் மேல் உயரமாக அடுக்கினார்கள். மருமகளாக நடிக்கிற பெண் கிளிசரின் போட்டுக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள்.

பிணத்துக்கு வசனம் இல்லை. எடுத்துக்கொடுக்கிற பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். லைட்டிங் மாற்றிக்கொண்டிருந்தபோது கண்ணைக் கொஞ்சம் திறந்தேன். நேர் எதிரே சுவரில் தமயந்தி. சிரிக்கிறாள். ஆர்ட் அசிஸ்டன்ட் ஸ்டூலில் ஏறி சம்பங்கி மாலையைப் போட்டுவிட்டு, நெற்றியில் சந்தனம் வைக்க விரலைக் கிண்ணத்தில் தோய்த்தார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரூபாய் தரையில் விழுந்து உருண்டது. மருமகள் பெண் நிஜமாகவே அலறினாள். கட்டை அவிழ்க்கத் தெரியாமல் தாடையோடு கீழே இழுத்தேன். "அந்தப் படத்தை இறக்குங்க" என்றேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று கிருபாகரன் மானிட்டரிலிருந்து எழுந்து வந்தார்.

"தமயந்திக்கு ஒண்ணும் இல்ல சார். டெஸ்ட் பண்ணாங்க, சாதாரணக் கட்டின்னு வந்துடுச்சு. அன்னிக்கு உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினா. நான் பாதியில நிறுத்திட்டேன். நீங்க கான்சர்னு நினைச்சுக்கட்டும்னுதான் நிறுத்தினேன். இந்த ரோலுக்காக. பிலோமினா யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

பல நாளுக்குப் பிறகு யாரும் எடுத்துக்கொடுக்காமல் நான் பேசியது இது. மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் வேறு மாதிரி கேட்டது. ஸ்டூலில் நின்றவர் சந்தன விரலை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கிருபாகரன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் படத்தை இறக்கச் சொன்னார். பிறகு மேனேஜரிடம், "அப்போ யார் படத்தை மாட்டறது?" என்றார். என்னுடையதை மாட்டுங்கள் என்றேன். செட்டில் என் படம் இல்லை. போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டு வரும்வரை காத்திருந்து, மறுபடி படுத்து, மிச்ச ஷாட்டுகளை எடுத்து முடித்தார்கள். அந்தப் பெண் இந்த முறை சரியாக அழவில்லை.

முடிந்ததும் பூசணிக்காய் சுற்றினார்கள். பிணமாகப் படுத்தவர்கள் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும், அது யூனிட்டின் வழக்கம். சிரிக்காமல் போனால் ஆகாதென்று பயப்படுவார்கள். நான் எழப்போனபோது கேமராமேன் நகரவில்லை.

"சுகுணாம்மா, அந்தச் சிரிப்பு" என்றார் கிருபாகரன், என் முகத்தைப் பார்க்காமல்.

சிரித்தேன். கேமராவுக்குப் பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

யாராவது சொல்வதற்குள் நானே சொல்ல வேண்டும் என்று காலையிலேயே தமயந்தி வீட்டுக்குப் போனேன். அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், ஜன்னலைப் பார்த்ததுவரை. எங்கேயும் நிறுத்தவில்லை.

அவள் மடிப்பதை விடவில்லை. ஒரு போர்வை தனியாக மடிக்க முடியாமல் தொங்கியது. அதன் மறுமுனையைப் பிடிக்க நான் கையை நீட்டினேன். அவள் சுருட்டி நாற்காலியில் போட்டுவிட்டாள்.

"பிலோமினா வீடு சாலிகிராமத்துல எந்தத் தெருன்னு உனக்குத் தெரியுமா?"

சொன்னேன்.

"அவ பொண்ணுக்கு இந்த வருஷம்தான் காலேஜ்" என்றாள். அடுத்த துணியை எடுத்து மடித்தாள். கண்ணீர் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "நீ கிளம்பு" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

கதவுவரை வந்து வழியனுப்பாதது இதுதான் முதல் தடவை.

ஜூலை 30, புதன்

பிலோமினா மறுபடி வேலைக்கு வந்துவிட்டாளாம். தமயந்தி நேரில் போய்க் கூட்டி வந்தாளாம். கிருபாகரன் தன்னுடைய அடுத்த சீரியலுக்குத் தமயந்தியைப் பேசியிருப்பதாகவும் கேள்வி. நிஜமா என்று கேட்க எனக்கு ஆளில்லை.

விஷயம் இவர் காதுக்கும் போயிருக்கும், இரண்டு நாளாகச் சாப்பாட்டில் குறையே சொல்லவில்லை. அதுவே சுடுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தி. நகரில் எங்கள் 'இரண்டு சாவி' நாடகம். மூன்று மாதத்துக்கு முன்பே தேதி கொடுத்தது, மாற்ற முடியாது. அவள் வரமாட்டாள், வேறு யாரையாவது தயார் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். வந்திருந்தாள். மேக்கப் அறையில் என் நாற்காலி வழக்கம்போல அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குங்குமச் சிமிழ் என்னிடம்தான் இருந்தது. வேறு ஒருத்தியை அனுப்பி வாங்கிக்கொண்டாள்.

ஒரே வீட்டில் குடியிருக்கும் அக்கா தங்கை கதை. மூன்றாவது காட்சியில் நான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். தங்கை வேலை முடிந்து வருவாள், ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கேட்பாள்.

"ஏன் அக்கா இருட்டுல உக்காந்திருக்கே? சாப்பிட்டியா?"

எழுத்து மாறாமல் கேட்டாள். நாடகத்தில் எழுதியிருந்தபடி பக்கத்தில் வந்து, என் தலையில் கையை வைத்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றும் குறையாத, எப்போதும் வைக்கிற அதே கை. அவ்வளவு நல்ல நடிகை அவள்.

அடுத்த வரி எனக்கு வரவில்லை. சபை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது, என்னுடைய பேர்போன நிறுத்தம் என்று நினைத்திருப்பார்கள். யாராவது எடுத்துக்கொடுத்தால் தேவலை என்றிருந்தது. அவளுக்கு என் வசனமெல்லாம் தெரியும். உதடு அசையவில்லை, கையையும் எடுக்கவில்லை. காத்திருந்தாள்.

"நீ வராம நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்?" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

விளக்கு அணைந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். இருட்டில் என்னைத் தாண்டிப் போனாள். கடைசியில் எல்லாரும் கைகோத்து வணங்கும்போது எங்களுக்கு நடுவில் வேறு ஒருவர் நின்றார்.

அடுத்த ஷோ பதினேழாம் தேதி, குரோம்பேட்டையில். அன்றைக்கும் மூன்றாவது காட்சியில் அக்கா என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பாள்.